ஹிரோஷிமா: வீட்டில் காத்து வைத்த பொருள்களை ஏன் பிறகு கொடுத்தார்கள்?

கேள்வி:
வணக்கம். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தின் காட்சிப்பொருள்களைப் பற்றிப் படித்து வருகிறேன். கிழிந்த பள்ளிச் சட்டை, கரிந்த உணவோடு கூடிய சாப்பாட்டுப் பெட்டி, துருவேறிய மூன்று சக்கரச் சைக்கிள் எனப் பலவும் அன்றாடப் பொருள்களே. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வீச்சில் இறந்தவர்களின் இப்பொருள்களில் பலவற்றை, உயிர் தப்பிய பெற்றோரும் உடன்பிறந்தோரும் நெடுங்காலம் வீட்டில் வைத்திருந்து பின்னர் அளித்திருக்கிறார்கள். இவற்றுள் பள்ளிப் பிள்ளைகளின் உடைகள் இத்தனை இருப்பது ஏன்? அவ்வளவு காலம் பிரிய மனமில்லாதவர்கள் பிறகு கொடுக்க முன்வந்தது ஏன்?

பதில் 1:
முதல் கேள்விக்கு விடை போர்க்கால ஆணைகளில் இருக்கிறது. வான்தாக்குதலில் தீ பரவாமல் தடுக்க, நகரின் நடுவே வரிசை வரிசையாக வீடுகளை இடித்து வெற்றிடம் உண்டாக்கினார்கள். அந்த இடிபாடுகளை அகற்றும் வேலைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள். காலை 8.15-க்குக் குண்டு வெடித்தபோது அவர்கள் திறந்தவெளியில் நின்றிருந்தார்கள். அப்பணியில் இருந்தவர்களில் ஏறக்குறைய 6,000 பேர் இறந்தார்கள்.

உடையின் மார்புப் பகுதியில் பெயர், முகவரி, இரத்த வகை எழுதிய துணித்துண்டைத் தைத்துக்கொள்வது அக்கால வழக்கம். முகம் பார்த்து அடையாளம் காண முடியாத நிலையில், பிள்ளையைத் தேடி அலைந்த பெற்றோருக்கு அந்தத் துண்டோ, இடைவாரோ, சாப்பாட்டுப் பெட்டியோதான் உதவியது. நீங்கள் குறிப்பிடும் பெட்டியும் அப்படிப்பட்ட ஒரு மாணவனுடையதுதான். அதை வயிற்றோடு அணைத்தபடி கிடந்த உடலைத் தாய் கண்டெடுத்தார். பல சட்டைகள் தாய்மாரே துணி வெட்டித் தைத்தவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவற்றை வீசியெறிய அவர்களுக்கு எப்படி மனம் வந்திருக்கும்?

பதில் 2:
இரண்டாம் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அந்தச் சைக்கிள் அலமாரியில் காக்கப்பட்டதன்று, மண்ணில் புதைக்கப்பட்டது. மூன்று வயது மகனைத் தனியே கல்லறையில் விட மனம் ஒப்பாத தந்தை, வீட்டுத் தோட்டத்திலேயே அவனோடு சைக்கிளையும் ஒரு தலைக்கவசத்தையும் புதைத்தார். 1985-இல் எலும்புகளை எடுத்துக் குடும்பக் கல்லறைக்கு மாற்றியபோதுதான் சைக்கிளை அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்.

மற்றவர்களைப் பொறுத்தவரை முதுமை பெரிய காரணம் என்றே எண்ணுகிறேன். தாம் போன பிறகு பெட்டியைத் திறப்பவருக்கு அது யாருடைய சட்டை என்று தெரியாமற் போய்விடும் அல்லவா? நடைமுறைக் காரணமும் உண்டு: வெளிச்சம், ஈரம், பூச்சி ஆகிய மூன்றும் பழந்துணியை அரித்துவிடும். அருங்காட்சியகங்கள் துணிப்பொருள்களுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கே, அதாவது மங்கலாகவே, ஒளி தருகின்றன. வீட்டில் யார் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்?

பதில் 3:
மேலே உள்ளவற்றோடு உடன்படுகிறேன்; ஆனால், கொடுத்துவிட்டாலே பொருள் பிழைத்துவிடும் என்பது போல் தொனிக்கிறது. தீக்காயத்தோடு நடப்பவர்களைக் காட்டும் உருவப்பொம்மைகள் 2017-இல் அந்த அருங்காட்சியகத்திலிருந்து அகற்றப்பட்டபோது, சிறுவர்களுக்கு இனிப் புரியாது என்று பலர் எதிர்த்தார்கள். 2019-இல் புதுப்பித்துத் திறந்த முதன்மைக் கட்டடத்தில் உண்மையான உடைமைகளே முன்னிறுத்தப்பட்டன. அந்த முடிவு சரியென்பது என் கருத்து. பொம்மை எவரையும் குறிக்கலாம், சட்டை ஒருவனுடையது மட்டுமே. ஆனால் உரியவர் யார், அன்று எங்கே இருந்தார், யார் கண்டெடுத்தார் என்ற விவரம் இல்லையேல் அது வெறும் கந்தல்தான். கொடுப்பவர்கள் பொருளோடு சேர்த்துச் சொல்லிச் செல்லும் செய்தியை நான் பொருளுக்கு நிகராகவே மதிப்பேன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பொருள்களின் படங்களை மட்டுமே இதுவரை பார்த்து வந்தேன். அருங்காட்சியகத்தின் இணையத் தரவுத்தளத்தில் கொடையாளர் பெயரும், வெடிப்பு மையத்திலிருந்து இருந்த தொலைவும் குறிக்கப்பட்டிருப்பதால், இனி அந்தக் குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கிறேன்.