நீச்சல் குள வேக்குவம் ஹோஸ் பாதியில் இழுப்பதை நிறுத்திவிடுகிறது: காற்று எங்கே புகுகிறது?

கேள்வி – விருந்தினர் இல்லம், தேவனாம்பட்டினம், கடலூர்

வணக்கம். கடற்கரையை ஒட்டிச் சிறிய விருந்தினர் இல்லம் நடத்துகிறோம். கார்த்திகை மழை ஓய்ந்தபோது நீச்சல் குளத்தின் அடியில் மணலும் சவுக்குச் சருகும் படிந்துவிட்டன. அடி அழுக்கை உறிஞ்சும் வேக்குவம் ஹோஸை ஸ்கிம்மரில் (மேலே மிதப்பதை உள்ளிழுக்கும் சுவர் வாய்) மாட்டி இழுத்தால் முதலில் நன்றாக இழுக்கிறது. கொஞ்ச நேரத்தில் இழுவை தளர்ந்து, தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் வாயில் குமிழி குமிழியாக வருகிறது. பம்பின் கண்ணாடி மூடிக்குள்ளும் காற்று தெரிகிறது. பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவுவது) செய்தாயிற்று, பம்பின் வடிகூடையையும் கழுவியாயிற்று. கடைக்காரர் புது ஹோஸ் வாங்கச் சொல்கிறார். புத்தாண்டுக்கு ஆட்கள் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும். வாங்கத்தான் வேண்டுமா?

பதில் – பம்ப் மெக்கானிக், புதுச்சேரி

அவசரப்பட்டு வாங்காதீர்கள் அம்மா. திரும்பும் வாயில் குமிழி வருகிறது என்றால், பம்புக்கு முன்னால் எங்கோ காற்று உள்ளே போகிறது. பம்பைத் தாண்டிய குழாயில் அழுத்தம் இருப்பதால் அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் பீய்ச்சும்.

முதலில் குளத்தின் நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பம்பை அணைத்து, ஹோஸைக் கழற்றிவிட்டு, ஸ்கிம்மரை மட்டும் வைத்து ஓட்டுங்கள். மூடிக்குள் காற்று அப்படியே இருந்தால் ஹோஸ் குற்றவாளி இல்லை. மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), வடிகால் திருகு, வால்வின் கழுத்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காற்று மறைந்துவிட்டால் ஹோஸ் பக்கம் திரும்புங்கள். இரண்டு நிலையிலும் பிரஷர் கேஜ் (ஃபில்டரின் அழுத்தமானி) என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.

கேட்டவர்

ஹோஸ் இல்லாமல் ஓட்டினால் மூடிக்குள் தண்ணீர் தெளிவாக நிற்கிறது, கேஜும் அசையவில்லை. ஹோஸை மாட்டியதும் முள் இறங்குகிறது. இன்னொன்றையும் கவனித்தேன் ஐயா. ஆழமான பக்கம் தள்ளும்போது தொந்தரவு இல்லை. படிக்கட்டுப் பக்கம் வந்தால்தான் குமிழி.

பதில் – பம்ப் மெக்கானிக், புதுச்சேரி

நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஹோஸில் உள்ள ஓட்டை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சும். இழுவை சற்றுக் குறையுமே தவிர குமிழி வராது. மேலே மிதந்தால் காற்றை உறிஞ்சும். ஆழமான பக்கம் போகும்போது ஹோஸ் நீண்டு, அந்த இடம் அமிழ்கிறது. ஆழம் குறைந்த பக்கம் வந்தால் மேலே எழுகிறது. வெடிப்பு ஹோஸின் உடலிலோ, முனையில் இருக்கும் கஃப் (மாட்டுவதற்கான பிளாஸ்டிக் முனை) சேரும் கழுத்திலோ இருக்கும். பெரும்பாலும் கழுத்துதான், மடங்கி மடங்கி அங்கேதான் வெடிக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு முனையைத் திரும்பும் வாயில் அழுத்திப் பிடித்து ஹோஸை நிரப்புங்கள். மறுமுனையை உள்ளங்கையால் அடைத்து ஹோஸைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால், வெடிப்பு இருக்கும் இடத்தில் மெல்லிய கீற்றாகத் தண்ணீர் பீய்ச்சும். இழுக்கும் பக்கத்தில் மட்டும் கையை வைக்கவே வைக்காதீர்கள். பிடித்துக்கொண்டால் விடுவிப்பது கடினம். பம்ப் ஓடும்போது பிள்ளைகள் குளத்தில் இறங்கக் கூடாது. தலைமுடி சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

பதில் – விடுதிப் பராமரிப்பாளர், கோட்டக்குப்பம்

அக்கா, சவுக்குச் சருகை வேக்குவத்தால் இழுக்காதீர்கள். குறுக்கே மாட்டிக்கொண்டு அடுத்தடுத்து வருவதையும் நிறுத்திவிடும். வலையால் அள்ளிவிட்டு, மறுநாள் காலை மணல் படிந்த பிறகு இழுங்கள். மணல் அதிகமென்றால் மல்டிபோர்ட் வால்வை (ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் வால்வு) "வேஸ்ட்" நிலைக்கு மாற்றி நேராக வெளியே விடுங்கள், ஃபில்டர் அடைபடாது. வால்வைத் திருப்பும் முன் பம்பை அணைத்தே ஆக வேண்டும். குளத்து நீர் வேகமாக இறங்கும் என்பதால் முன்னதாகவே மட்டத்தை ஏற்றிக்கொள்ளுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஹோஸில் உள்ள காற்று முழுவதும் வெளியேற வேண்டும். ஹோஸின் வேக்குவம் தலையை (அடியில் தள்ளி இழுக்கும் பகுதி) கம்பில் பூட்டிக் குளத்தின் அடிக்கு இறக்கிவிட்டு, மேல்முனையைத் திரும்பும் வாயில் பிடியுங்கள். தலையின் அடியில் குமிழி நின்ற பிறகு, முனையைத் தண்ணீருக்கு மேலே எடுக்காமலேயே ஸ்கிம்மருக்குக் கொண்டு போங்கள். சுழலும் கஃப் தலைப் பக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும்.

கேட்டவர்

கண்டுபிடித்துவிட்டோம்! ஸ்கிம்மர் பக்கத்துக் கஃப்பின் கழுத்தில், வளைத்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற வெடிப்பு. டேப் சுற்றலாமா, பிவிசி பசை தடவலாமா?

பதில் – பம்ப் மெக்கானிக், புதுச்சேரி

இரண்டும் வேண்டாம். ஈரத்தில் டேப் கழன்றுவிடும். பிவிசி பசை இந்த ஹோஸில் நிலைத்துப் பிடிக்காது. வெடித்த துண்டைக் கூர்மையான கத்தியால் நேராக அறுத்துவிட்டு, கஃப்பைத் திருகிக் கழற்றிப் புது முனையில் ஏற்றுங்கள். நீளம் ஒரு சாண் குறைந்தால் ஒன்றும் ஆகாது. ஹோஸின் உடலிலும் வெடிப்புகள் இருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள்.

கேட்டவர்

அறுத்து மாட்டியாயிற்று. குமிழி இல்லை, முள்ளும் இறங்கவில்லை. ஆனால் ஆழத்தில் இழுவை இன்னும் கொஞ்சம் மந்தம்.

பதில் – பம்ப் மெக்கானிக், புதுச்சேரி

குளத்தின் அடியில் உள்ள மெயின் டிரெயின் எனும் வடிகால் வாய்க்கான வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா? பம்ப் அங்கிருந்தும் இழுப்பதால் ஸ்கிம்மருக்கு வலு குறைகிறது. அந்த வால்வைப் பாதிக்கு மேல் மூடி, இழுவை கூடுகிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் பழையபடி திறந்துவிடுங்கள்.

பதில் – விடுதிப் பராமரிப்பாளர், கோட்டக்குப்பம்

ஹோஸை ஆணியில் மாட்டி வெயிலில் தொங்கவிடாதீர்கள் அக்கா. தண்ணீரை வடித்துப் பெரிய வளையமாகச் சுருட்டி நிழலில் கிடத்துங்கள். நம் கடற்கரை வெயிலில் பிளாஸ்டிக் சீக்கிரம் மொறுமொறுத்துவிடும்.

கேட்டவர்

வால்வைப் பாதிக்கு மேல் மூடியதும் ஆழத்து மணலும் வந்துவிட்டது. ஹோஸைக் கிணற்றடிக் கொட்டகைக்கு மாற்றிவிட்டோம். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.