ஒவ்வொரு பயனருக்கும் கடைசி ரெக்கார்டு மட்டும் எடுப்பது எப்படி?

கேள்வி:
லாகின் டேபிளில் ஒரே பயனருக்குப் பல ரோக்கள் (ரெக்கார்டுகள்) இருக்கின்றன. ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது, எந்தக் கருவியில் உள்ளே வந்தார் என்று வேண்டும். பயனர் வாரியாகத் தொகுக்கும் குரூப் பை போட்டு, நேரத்துக்கு மேக்ஸ் (மிகப் பெரிய மதிப்பு) எடுத்தால் நேரம் சரியாக வருகிறது, ஆனால் கருவி மட்டும் ஏதோ பழைய ரோவிலிருந்து வருகிறது. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், பதிப்பு 5.6.

பதில் 1:
மேக்ஸ் அந்த ஒரு ஃபீல்டுக்கு மட்டும்தான், மற்ற ஃபீல்டுகளை அதே ரோவிலிருந்து எடுத்துத் தராது. பதிப்பு 5.7 ஆக இருந்தால், செட்டிங்கை மாற்றாதவரை இதற்கு எர்ரர் காட்டியிருக்கும். பயனர் ஐடியையும் மேக்ஸ் நேரத்தையும் ஒரு சப்கொயரியில் (கொயரிக்குள் எழுதும் கொயரி) எடுத்து, அந்த இரண்டையும் வைத்து அதே டேபிளோடு ஜாயின் செய்யுங்கள், அதாவது இரண்டும் பொருந்தும் ரோக்களை இணையுங்கள்.

பதில் 2:
சரி, ஆனால் ஒரே நொடியில் இரண்டு லாகின் பதிவாகியிருந்தால் அந்த ஜாயினில் இரண்டுமே வந்துவிடும், நான் இதில் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். 8.0க்கு மாற முடிந்தால் ரோக்களுக்கு 1, 2 என்று எண் போடும் ரோ நம்பர் பயன்படுத்துங்கள்: பார்ட்டிஷன் பை (எதன்படி பிரிப்பது) பயனர் ஐடி, ஆர்டர் பை (எதன்படி வரிசைப்படுத்துவது) நேரம் டெஸ்க் (இறங்கு வரிசை), அப்புறம் ரெக்கார்டு ஐடி டெஸ்க். வெளிக் கொயரியில் எண் 1 வரும் ரோவை மட்டும் எடுத்தால் போதும்.

கேட்டவர்:
ஜாயினே வேலை செய்தது, ரொம்ப நன்றி! ஆனால் மெதுவாக ஓடுகிறது.

பதில் 1:
பயனர் ஐடி, நேரம் இரண்டையும் இதே வரிசையில் சேர்த்து ஒரே இண்டெக்ஸாக (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடுங்கள்.