கணினியில் சரியாகத் தெரியும் குறிப்பு பிள்ளைகளின் கைபேசியில் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது: உதவி தேவை

குளக்கட்டு:
ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலையொன்றில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொடங்கிய வாட்ஸ்அப் குழுவை நாங்கள் இன்னும் கைவிடவில்லை. மழைக்காலத்தில் வீதியில் வெள்ளம் ஏறி வரமுடியாமற் போகும் பிள்ளைகளுக்கு அன்றைய குறிப்பை அதில்தான் இடுகிறேன். பல வருடங்களாக வேர்ட்டில் தட்டச்சுச் செய்து சேர்த்த குறிப்புகள் அவை. என் மடிக்கணினியில் தெளிந்த தமிழாகத் தெரியும் அதே கோப்பு, பிள்ளைகளின் கைபேசியில் ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளுமாகத் தெரிகிறது. "ரீச்சர், நீங்கள் இங்கிலிசில அனுப்பினது எனக்கு விளங்கேல்லை" என்று ஒரு மாணவி குரல்பதிவு அனுப்பியிருந்தாள்.

தாள்களைப் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தேன். ஒரு பாடத்துக்குப் பன்னிரண்டு படங்கள் வருகின்றன. டேட்டா முடிந்துவிட்டது என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தகப்பனின் கைபேசிதான். அது பகல் முழுவதும் வயலில் நிற்கும், இரவில்தான் வீட்டுக்கு வரும். கோப்பில் வைரஸ் ஏதும் இருக்குமா, அல்லது கைபேசிகளில்தான் குறையா?

மாங்குளம்சந்தி:
வைரஸ் இல்லை, ரீச்சர். எழுத்துரு இல்லாததுதான் காரணம். உங்கள் எழுத்துருவையும் குழுவில் அனுப்பி, அதை நிறுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

குளக்கட்டு:
முப்பத்துநான்கு வீடுகளில் முப்பத்துநான்கு விதமான கைபேசிகள், சேர். என்னுடைய கைபேசியிலேயே அதை எப்படி நிறுவுவதென்று எனக்குப் பிடிபடவில்லை.

வவுனிக்குளம்:
நிறுவச் சொல்லவேண்டாம். கோப்பைத் திறந்து, ஒரு பந்தியைத் தெரிவுசெய்து, மேலே எழுத்துருவின் பெயர் என்னவென்று பாருங்கள். பாமினி என்றிருந்தால் விடயம் இதுதான்.

பாமினியில் தட்டச்சுச் செய்யும்போது கணினி சேமிப்பது தமிழ் எழுத்தையல்ல, ஆங்கில எழுத்தையே. அந்த எழுத்துக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. 'அம்மா' என்ற சொல் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. குற்றுக்கான விசை அரைப்புள்ளி என்பதால்தான் பிள்ளைகளுக்கு இத்தனை அரைப்புள்ளிகள் தெரிகின்றன. எழுத்துரு இல்லாத கைபேசி உள்ளே இருப்பதை அப்படியே காட்டுகிறது. பாவம், அதில் ஒரு பிழையும் இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறைதான் யுனிகோட். அதில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் அவற்றுக்கேயுரிய எண்கள் உண்டு. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. இன்றைய கைபேசிகள் எல்லாம் அதை எதையும் நிறுவாமலே காட்டும். ஆகவே பழைய கோப்புகளை மாற்றியாகவேண்டும். இணையத்தில் 'பொங்குதமிழ்' போன்ற எழுத்துரு மாற்றிகள் உண்டு. ஒரு பெட்டியில் பாமினியை ஒட்டினால் மற்றப் பெட்டியில் யுனிகோட் வரும்.

பழையதட்டச்சு:
இவ்வளவு வேலை எதற்கு? கோப்பை பீடிஎப் ஆகச் சேமித்து அனுப்பினால் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும். இருபது வருடங்களாகப் பாமினியில் பழகிய கை இது. தவணைப் பரீட்சை வினாத்தாளை அச்சகத்துக்குக் கொடுத்தாலும் அவர்கள் கேட்பது பாமினியைத்தான்.

வவுனிக்குளம்:
சேர் சொல்வது நாளைக் காலை வகுப்புக்குச் சரியான வழி. ரீச்சர் இன்றிரவே அப்படிச் செய்யலாம். ஆனால் அந்த பீடிஎப்பில் 'ஒளித்தொகுப்பு' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது; ஒரு வரியைப் பிரதி எடுத்து இன்னொரு பிள்ளைக்கு அனுப்பினால் மறுபடியும் அரைப்புள்ளிதான். என் வகுப்பில் பார்வை குறைந்த பிள்ளையொன்று கைபேசியை வாசிக்கவிட்டுக் கேட்டுப் படிக்கிறது. பாமினி பீடிஎப்பைக் கொடுத்தபோது கைபேசி தமிழ்ப் பாடத்தை எம், கே என்று எழுத்தெழுத்தாக ஒப்புவித்தது. கையின் பழக்கத்தையும் விடவேண்டியதில்லை, சேர். என்.எச்.எம். ரைட்டர் போன்ற செயலிகளில் பாமினி விசையமைப்பிலேயே தட்டினால் திரையில் விழுவது யுனிகோட்டாக இருக்கும்.

குளக்கட்டு:
மிக்க நன்றி. பாமினிதான். இன்று ஒரு பாடத்தை மாற்றினேன். வசனங்கள் அழகாக வந்தன, ஆனால் இரசாயனம் நாசமாகிவிட்டது. காபனீரொட்சைட்டின் சூத்திரம் இருந்த இடங்களில் எல்லாம் 'ஊழு2' என்று நிற்கிறது! கூட்டல் குறிகளும் காணாமற்போய், அந்த இடங்களில் 'ூ' தனியாகத் தொங்குகிறது.

வவுனிக்குளம்:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நீங்கள் சூத்திரங்களை வேறொரு ஆங்கில எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். மாற்றியின் பெட்டியில் ஒட்டும்போது எந்த எழுத்துரு என்ற செய்தி தொலைந்துபோவதால், எல்லாமே பாமினி என்று அது எண்ணிக்கொள்கிறது. பாமினியில் பெரிய சீ 'ஊ', பெரிய ஓ 'ழு', கூட்டல் குறி ஊகாரத்தின் குறி.

நான் செய்வது இது. மாற்றுவதற்கு முன் வேர்ட்டிலேயே ஒவ்வொரு சூத்திரத்தையும் சமன்பாட்டையும் வெட்டி வேறொரு தாளில் ஒட்டிவிட்டு, அந்த இடத்தில் 9901, 9902 என்று இலக்கம் இடுவேன். எழுத்துரு மாற்றி இலக்கங்களைத் தொடுவதில்லை. சதுர அடைப்புக்குறியை அடையாளமாக வைத்துவிடாதீர்கள், அதுவும் 'ஜ' ஆகிவிடும். மாற்றி முடிந்தபின் 9901ஐத் தேடி, வெட்டிவைத்த சூத்திரத்தைத் திரும்ப இடவேண்டும். ஒரு பாடத்துக்கு அரை மணித்தியாலம் போகும். எல்லாக் குறிப்பையும் ஒரே நாளில் முடிக்க நினைக்கவேண்டாம், அடுத்த கிழமை படிப்பிக்கப்போவதை மட்டும் மாற்றுங்கள். பாடநூலில் உள்ளதைத் திரும்பத் தட்டுவதும் வீண்வேலை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் பீடிஎப் ஆகக் கிடக்கின்றன. பக்க இலக்கத்தைச் சொன்னால் போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். பாமினியில் 'ௌ' என்ற குறியின் பின்பாதிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் ஒரே விசை. அதனால் சில மாற்றிகள் 'வெளிச்சம்' என்பதை 'வௌிச்சம்' ஆக்கிவிடும். கண்ணுக்கு இலேசில் தெரியாது.

பழையதட்டச்சு:
அரச அலுவலகத் தளங்களில் 'வௌியீடு' என்று நான் அடிக்கடி கண்டு, யாரோ தமிழ் தெரியாதவர் தட்டியது என்று திட்டியிருக்கிறேன். பிழை மாற்றியினுடையதா! அந்த ரைட்டரை நானும் இறக்கிப் பார்க்கிறேன், தம்பி.

குளக்கட்டு:
முடிவைச் சொல்லவேண்டும் அல்லவா. இரண்டு பாடங்கள் முடிந்தன. இலக்கம் இடும் வழி சரியாக வேலை செய்தது. பன்னிரண்டு படங்களாக அனுப்பிய பாடம் இப்போது ஒரு படத்தின் அளவுகூட இல்லை. இங்கிலிசில் அனுப்பியதாகச் சொன்ன மாணவி நேற்றிரவே வாசித்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாள்.

ஒரு பிழை விட்டேன். 'வௌ' வரும் இடங்களை எல்லாம் 'வெள' என்று ஒரேயடியாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். வெளிச்சமும் வெள்ளியும் திருந்தின. ஆனால் அங்கிகளின் பாகுபாட்டுக் குறிப்பில் முலையூட்டிகளுக்கு உதாரணமாக இருந்த வௌவாலும் 'வெளவால்' ஆகிவிட்டது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் நான் கவனிக்கவில்லை. பிள்ளையொன்று தேடிப்பார்த்துவிட்டு, "ரீச்சர், குறிப்பில வௌவால் இல்லை" என்றது. மாற்றுகிறவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.