பிஎஸ்கேதான் டேட்டாவப் பூட்டுதா? வண்ணார்பேட்டைப் பேச்சுக்கு என் பதில்

பாளை_பாக்கெட்:
ஞாயித்துக்கிழம வண்ணார்பேட்டையில நெட்வொர்க் பாக்குற ஆளுவ கூடின இடத்துல ஒரு அண்ணாச்சி எந்திரிச்சு சொன்னாவ: "கிளவுடுக்குப் போற சைட் டு சைட் விபிஎன்ல (நம்ம ஆபீஸ் நெட்வொர்க்க கிளவுடோட இணைக்கிற ரகசிய வழி, அதத்தான் டன்னல்ங்கோம்) டேட்டாவப் பூட்டுறது பிஎஸ்கேதான் (ரெண்டு முனையிலயும் முன்னாடியே பகிர்ந்து வைக்கிற ரகசியச் சாவி). அத 64 எழுத்துல வச்சிட்டாப் போதும், மத்ததெல்லாம் டீஃபால்ட்லயே விட்டுரலாம்." சின்னப் பயலுவ பூராவும் தலையாட்டுதானுவ. நாளைக்கு கங்கைகொண்டான்லயும் தூத்துக்குடியிலயும் டன்னல் போடப் போறது இவனுவதான். கேட்டதுல இருந்து எனக்கு ஆறவே இல்ல.

பிஎஸ்கே டேட்டாவப் பூட்டாது. ரெண்டு முனையும் "நான்தான் அந்த ஆளு"ன்னு காட்டுறதுக்குத்தான் அது. பாக்கெட்டப் பூட்டுறது ஏஇஎஸ்ங்கற பூட்டு முறையோட சாவி. அத எவனும் டைப் பண்ணி வைக்கிறது கெடையாது. 1976-ல டிஃபியும் ஹெல்மனும் சொன்ன கணக்க வச்சு ரெண்டு ரவுட்டரும் அதுவளுக்குள்ளயே உண்டாக்கிக்கிடும். அந்தச் சாவி வயர்ல போறதே இல்ல. ஏடபிள்யூஎஸ்ல (அமேசான் கிளவுடு) பேஸ் டூ சாவிக்கு, அதாவது டேட்டாவப் பூட்டுற சாவிக்கு, டீஃபால்ட் ஆயுசு 3600 செகண்ட். பிஎஸ்கேயோ வச்ச நாள்ல இருந்து அப்படியே கெடக்கும். மணிக்கொருக்க மாறுறதும் மாறாததும் எப்படி வே ஒண்ணாகும்?

வண்ணார்பேட்டை_வயர்:
பேரச் சொல்லாம எதுக்குத் தம்பி சுத்தி வளைக்கிய? பேசினது நான்தான். நேர்ல உக்காந்திருந்தப்ப வாயத் தொறக்கல, வீட்டுக்குப் போய் எழுதுதியளோ?

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பிஎஸ்கேல ஒரு எழுத்த மாத்தி வையும். டன்னல் எழும்புதான்னு பாரும். எழும்பாது. அப்போ பூட்டுறது எது?

பாளை_பாக்கெட்:
அண்ணாச்சி, டன்னல் எழும்பாதது வேற, டேட்டாவப் பூட்டுறது வேற. பேங்க்ல கையெழுத்து ஒத்துப் போனாத்தான் லாக்கர் ரூமுக்குள்ள விடுவான். அதுக்காக உங்க கையெழுத்து லாக்கர் சாவி ஆயிருமா?

வண்ணார்பேட்டை_வயர்:
லாக்கருக்கு ரெண்டு சாவிங்கது தெரியுமா தெரியாதா? ஒண்ணு பேங்க்காரன்கிட்ட, ஒண்ணு நம்மகிட்ட. ரெண்டும் போட்டாத்தான் தொறக்கும். நான் சொன்னதத்தான் நீங்களும் சொல்லுதிய.

காயத்தாறு_காத்தாடி:
எங்க காத்தாடி (காத்தாலை) டேட்டா எல்லாம் லீஸ்டு லைன்லயே மும்பைக்குப் போவுது. நமக்குன்னு தனியாப் போட்ட லைன்ல எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்? என்கிரிப்ஷனே வேண்டாம்னு சொல்லுதேன். நீங்க ரெண்டு பேரும் சாவிக்கு அடிச்சிக்கிடுதிய.

பாளை_பாக்கெட்:
இது அதவிட மோசம். தனி லைனுன்னா தனி வழி, அவ்வளவுதான். பூட்டு ஒண்ணும் கூட வராது. ஏடபிள்யூஎஸ்ஸோட தனி லைனான டைரக்ட் கனெக்ட்ட எடுத்துக்கிடுங்க, அது தானா என்கிரிப்ட் பண்ணாது. வேணும்னா அதுக்கு மேல ஐபிசெக் டன்னல் (நாம பேசுற இந்த விபிஎன் பூட்டு) ஓட்டணும், இல்லன்னா லைன் மட்டத்துலயே பூட்டுற மேக்செக் இருக்கான்னு பாக்கணும். காயத்தாறுல இருந்து மும்பை வரைக்கும் நடுவுல எத்தன பேரு பெட்டிய அந்த லைன் தாண்டுதுன்னு உங்க கம்பெனியில கேட்டுப் பாருங்க.

காயத்தாறு_காத்தாடி:
எங்க கம்பெனியப் பத்தி நீரு பேச வேண்டாம்.

தென்காசி_சாரல்:
ரெண்டு பேரும் எந்த ஐகேஇ-ன்னே (ரெண்டு முனையும் சாவியப் பேசி முடிக்கிற முறை) சொல்லாம பேசுதிய. 1998-ல வந்த ஒண்ணாம் வெர்ஷன்ல பிஎஸ்கே முறையில போனா, சாவி உண்டாக்குற கணக்குக்குள்ளயே பிஎஸ்கே சேரும். ஆனா டிஃபி ஹெல்மன் ரகசியமும் சேரும், அது இல்லாம பிஎஸ்கேய மட்டும் வச்சு ஒண்ணும் தொறக்க முடியாது. ரெண்டாம் வெர்ஷன்ல, இப்ப 2014-ல வந்த ஆர்எஃப்சி 7296-ங்கற இன்டர்நெட் விதி ஆவணம் படி, சாவிக் கணக்குல பிஎஸ்கே வராது. ஆளச் சரிபாக்குற இடத்துல மட்டுந்தான் வரும்.

வண்ணார்பேட்டை_வயர்:
கேட்டியளா! "கணக்குக்குள்ளயே பிஎஸ்கே சேரும்." சாரலே சொல்லியாச்சு.

பாளை_பாக்கெட்:
"சாவிக் கணக்குல பிஎஸ்கே வராது." இதயும் அதே சாரல்தான் சொல்லியிருக்காரு. பாதிய மட்டும் படிக்கப்பிடாது அண்ணாச்சி.

மேலப்பாளையம்_மோடம்:
பிஎஸ்கே நீளமா இருக்கணும்னு அண்ணாச்சி சொன்னது ஒண்ணும் தப்பில்லயே? ஒண்ணாம் வெர்ஷன்ல அக்ரெசிவ் மோடுங்கற சுருக்கு வழியப் போட்டு வச்சிருந்தா, பிஎஸ்கேல இருந்து கணக்குப் போட்டு எடுத்த அடையாளம், அதாவது ஹேஷ், வெளியவே போயிரும். அதப் பிடிச்சவன் வீட்டுல உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா அடிச்சுப் பாக்கலாம். ஊர்ப் பேரும் 123-ம் வச்சவன் அதுல மாட்டுவான்.

பாளை_பாக்கெட்:
நீளமா வைக்காதன்னு நான் எங்க சொன்னேன்? ஏடபிள்யூஎஸ்காரன் 8-ல இருந்து 64 எழுத்து வரைக்கும் விடுதான், 64-ம் வையுங்க. "மத்ததெல்லாம் டீஃபால்ட்ல விட்டுரலாம்"னு சொன்னாவ பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

ஏடபிள்யூஎஸ் பக்கம் நீங்க எதையும் குறிச்சுச் சொல்லலன்னா, அவன் ஏத்துக்கிடுற எல்லா முறையும் தொறந்தே இருக்கும். நம்ம பக்கத்துப் பெட்டி எதக் கேக்குதோ அதுல படியும். டவுன்லோட் பண்ணுற சாம்பிள் கான்ஃபிக் ஃபைல்ல பொதுவா ஏஇஎஸ் 128, ஷா 1 ஹேஷ், டிஎச் (டிஃபி ஹெல்மன்) குரூப் 2-ன்னு இருக்கும். இது கொறஞ்சபட்சந்தான், நீங்க மாத்திக்கிடுங்கன்னு அதுலயே எழுதியும் இருக்கும். அத யாரு படிக்கா? காப்பி எடுத்து அப்படியே ஒட்டிட்டு டீ குடிக்கப் போயிருதோம்.

குரூப் 2-ன்னா அந்த டிஃபி ஹெல்மன் கணக்குல வாற எண்ணு 1024 பிட். 2015-ல லாக்ஜாம் ஆய்வு வந்தப்பவே, ஒரு நாட்டு அரசாங்கம் அளவுக்கு கம்ப்யூட்டர் பலம் இருந்தா 1024 பிட்ட ஒடைக்கலாம்னு எழுதியாச்சு. அது ஒடைஞ்சா டேட்டாச் சாவி வெளிய வந்துரும். உங்க 64 எழுத்து அங்க என்ன செய்யும்? கொறஞ்சது குரூப் 14, அது 2048 பிட். முடிஞ்சா 19, இல்ல 20. ஏஇஎஸ் ஜிசிஎம் போட்டா பூட்டுறதும், நடுவுல எவனும் கைவைக்கலன்னு சரிபாக்குறதும் ஒரே வேலையில முடிஞ்சிரும். பேஸ் டூல பிஎஃப்எஸ்ஸும் (ஒவ்வொரு சாவிக்கும் டிஃபி ஹெல்மன் கணக்கப் புதுசாப் போடுறது) வையுங்க. ஒரு சாவி போனாலும் அந்த ஒரு மணி நேரத்தோட போச்சு, முன்னாடி போனதும் பின்னாடி வாறதும் தப்பிக்கும். பிஎஸ்கேக்கு இதுல எங்க வேல இருக்கு?

வண்ணார்பேட்டை_வயர்:
பெரிய பாடமே நடத்திட்டிய. உங்க படிப்ப அந்த மில்லு டன்னல்லயே பாத்தோமே. சின்ன பிங் பாக்கெட் போச்சு, பெரிய பில்லு போவல. நாலு நாள் லாரி எல்லாம் கேட்டுல நின்னுச்சு. கடைசில யாரு வந்து எம்எஸ்எஸ்ஸ (ஒரு பாக்கெட்ல போற டேட்டா அளவு) கொறச்சு வச்சா?

பாளை_பாக்கெட்:
அந்த டன்னல நான் போடல. எனக்கு முன்னாடி இருந்தவன் போட்டுட்டுப் போனது. ஐபிசெக் பூட்டுறப்ப கூடச் சேக்குற ஈஎஸ்பி தலைப்புச் சேந்தா 1500 பைட் பாக்கெட் உள்ள அடங்காது, எம்எஸ்எஸ் கொறைக்கணும்னு அவன்கிட்ட முதல்ல சொன்னதே நான்தான். நீங்க ஒரு கமாண்டு அடிச்சிட்டு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதிய.

வண்ணார்பேட்டை_வயர்:
சொல்லுறவனும் செய்யுறவனும் ஒண்ணா? போவட்டும். பிஎஸ்கே வெளிய போச்சுன்னா டேட்டா போச்சா போவலயா? நேராப் பதில் சொல்லும்.

பாளை_பாக்கெட்:
போவாது. ஏற்கெனவே ஓடின டேட்டாவ ஒருத்தன் பதிவு பண்ணி வச்சிருந்தாலும், கையில பிஎஸ்கே மட்டும் இருந்தா ஒரு பைட்டும் தொறக்காது.

வண்ணார்பேட்டை_வயர்:
ஓடப் போறது?

பாளை_பாக்கெட்:
அதுக்கு அவன் நடுவுல உக்காந்து, இந்தப் பக்கம் நம்மகிட்ட கிளவுடு மாதிரியும் அந்தப் பக்கம் கிளவுடுகிட்ட நாம மாதிரியும் நடிக்கணும். அது ஆள் மாறாட்டம். பூட்ட ஒடைக்கது இல்ல.

வண்ணார்பேட்டை_வயர்:
டேட்டா போச்சா போவலயா? போச்சு. பொறவு என்ன பேச்சு.

தென்காசி_சாரல்:
அதுக்குத்தான் பிஎஸ்கேக்குப் பதிலா சர்டிஃபிகேட் வைக்கலாம், ஏடபிள்யூஎஸ்லயே வழி இருக்கு. அப்புறம் இன்னொண்ணு, டன்னல் கேட்வேயோட முடிஞ்சிருது. அதத் தாண்டி விபிசிக்குள்ள (கிளவுடுல நம்ம தனி நெட்வொர்க்) டேட்டாபேஸ் வரைக்கும் போறதுக்கு டிஎல்எஸ்ங்கற இன்னொரு பூட்டு தனியா...

வண்ணார்பேட்டை_வயர்:
2019-ல தனி மாவட்டம் வாங்கிட்டுப் போயாச்சுல்லா? திருநெல்வேலிப் பஞ்சாயத்துல உமக்கென்ன சோலி?

தென்காசி_சாரல்:
நான் சொன்னதுல என்ன தப்புன்னு சொல்லும். மாவட்டத்த எதுக்கு வே இழுக்கீரு?

காயத்தாறு_காத்தாடி:
அப்படிப் பாத்தா நாங்க தூத்துக்குடி மாவட்டம். எங்களையும் வெளிய போகச் சொல்லுவீரோ?

வண்ணார்பேட்டை_வயர்:
எல்லாரும் ஒண்ணு சேந்துட்டிய. நல்லது. 2020-ல வந்த ஆர்எஃப்சி 8784-அ தம்பி படிச்சிருக்காவளா? குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாலும் தாங்கணும்னு, முன்னாடியே பகிர்ந்து வச்ச சாவிய ஐகேஇ ரெண்டாம் வெர்ஷன் சாவிக் கணக்குக்குள்ளயே கலக்கச் சொல்லுதான். நான் சொன்னது அப்படியே அதுல இருக்கு.

பாளை_பாக்கெட்:
படிச்சிருக்கேன். அது பிபிகே. பிஎஸ்கே இல்ல. சரிபாக்குற வேலைக்கு பிஎஸ்கேயோ சர்டிஃபிகேட்டோ அது பாட்டுக்கு இருக்கும், இது தனியா இன்னொரு ரகசியம். ரெண்டையும் தனித்தனியாத்தான் வைக்கணும். "64 எழுத்து வச்சாப் போதும்"னு நீங்க பயலுவளுக்குச் சொன்னது இதயா? அன்னைக்கு குவாண்டத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. பிஎஸ்கே டேட்டாவப் பூட்டாது. இன்னும் நூறு தடவ கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்.

வண்ணார்பேட்டை_வயர்:
முன்னாடியே பகிர்ந்து வச்ச சாவியா இல்லயா அது?

மேலப்பாளையம்_மோடம்:
அண்ணாச்சி, அந்த மில்லுல எம்எஸ்எஸ் எவ்வளவு வச்சிய? எங்க கடையிலயும் இதே தொந்தரவு. யாராவது சொல்லுங்களேன்.

பாளை_பாக்கெட்:
கடைசியா ஒரு சோதன சொல்லுதேன், யாரு வேணும்னாலும் செஞ்சு பாக்கலாம். ரெண்டு லினக்ஸ் மெஷின்ல ஸ்ட்ராங்ஸ்வான்ங்கற விபிஎன் சாஃப்ட்வேரப் போடுங்க. ஐகேஇ ரெண்டாம் வெர்ஷன், ரீஆத்த (ஆளத் திரும்பவும் சரிபாக்குறது) அணைச்சிருங்க. டன்னல் எழும்பினப்பொறவு ஒரு பக்கத்து பிஎஸ்கேல அண்ணாச்சி சொன்ன மாதிரி ஒரு எழுத்த மாத்துங்க. டன்னலத் தொடாதிய. பாக்கெட் போய்க்கிட்டேதான் இருக்கும். சாவி மாத்துற நேரம் வரும், புதுச் சாவியும் உண்டாகும், அப்பவும் போய்க்கிட்டேதான் இருக்கும். ரீகீக்கு பிஎஸ்கேயே தேவப்படாது. டேட்டாவப் பூட்டுறது அதுன்னா இது எப்படி நடக்கும்?

வண்ணார்பேட்டை_வயர்:
நல்லாப் போவட்டும். இப்ப ரெண்டு மெஷினையும் அணைச்சுப் போடும். டன்னல் எழும்புதான்னு வந்து சொல்லும்.

பாளை_பாக்கெட்:
அது ஆள் யாருன்னு சரிபாக்குற இடம்னு எத்தன தடவ...

வண்ணார்பேட்டை_வயர்:
எழும்புதா இல்லயா?