ஆசிரியருக்கு எழுதினோம், அவரும் எழுதினார்

மதுரை, ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்

ஒரு தமிழ் நாளிதழில் வாசகர் கடிதப் பகுதியைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டவன் நான். ஆசிரியர் என்றால் தலையங்கம் எழுதுபவர் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். எங்கள் ஆசிரியருக்குத் தலையங்கம் சாயங்கால வேலை. காலையில் வந்ததும் அவர் கேட்பது தபால் கட்டைத்தான்.

போஸ்ட் கார்டு, இன்லேண்ட், சர்வீஸ் ஸ்டாம்ப் ஒட்டிய அரசு உறைகள், ஒப்புகை அட்டையோடு வரும் ரிஜிஸ்டர் தபால் என்று எல்லாம் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரிப்பது என் வேலை. பிரசுரத்துக்கு ஆனவை ஒரு பக்கம், நிருபர்கள் விசாரிக்க வேண்டிய புகார்கள் ஒரு பக்கம், கவிதைகள் ஒரு பக்கம் (கவிதை எப்போதும் அதிகம் வரும்). நேற்றைய இதழில் பிழை என்று சுட்டிக்காட்டும் கடிதங்களை மட்டும் நான் தொடக்கூடாது. அவை நேராக ஆசிரியர் மேசைக்குப் போகும். பிழை சொன்னவருக்குப் பதில் போகாமல் அந்தக் கார்டு ஃபைலுக்குள் போகக்கூடாது என்பது அவர் போட்ட விதி. பதிலை அவரே கையால் எழுதுவார். இரண்டு மூன்று வரிதான் இருக்கும். 'தாங்கள் சொன்னது சரி. நாளை திருத்தம் வருகிறது' என்பது போல. வாசகர் சொன்னது தவறாக இருந்தால், எந்த ஆதாரத்தில் நாங்கள் எழுதினோம் என்பதையும் சேர்த்து எழுதுவார்.

மொட்டைக் கடிதங்களையும் அவர் கிழித்துப் போடமாட்டார். பெயர், முகவரி இல்லாததைப் பிரசுரிக்க மாட்டோம், அது கண்டிப்பு. ஆனால் உள்ளே விஷயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். ஓர் அரசு மாணவர் விடுதியைப் பற்றி அப்படி ஒரு கடிதம் வந்தது. வசவு ஒன்றும் இல்லை. அரிசி மூட்டை எந்தக் கிழமையில் எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்று மட்டும் இருந்தது. 'இதை எழுதினவன் கண்ணால் பார்த்திருக்கிறான்' என்று சொல்லி அந்த ஊர் நிருபருக்கு அனுப்பினார். நிருபர் போய்ப் பார்த்தபோது எல்லாம் அப்படியே நடந்தது. செய்தி வந்து சில வாரம் கழித்து அதே கையெழுத்தில் இன்னொரு கார்டு, அதிலும் பெயர் இல்லை: 'இப்போது இரண்டாவது தடவையும் சோறு போடுகிறார்கள்.'

பெரிய மனிதர்களின் கடிதம் வேறு மாதிரி இருக்கும். ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. தன்னைப் பற்றிய செய்தியை மறுத்து, அச்சடித்த தாளில் நான்கு பக்கம் அனுப்பினார். செய்தியை மறுப்பது அரைப் பக்கம், மிச்சமெல்லாம் தான் தொகுதிக்குச் செய்த சாதனைகள். ஆசிரியர் அந்த அரைப் பக்கத்தை ஒரு சொல் மாற்றாமல், செய்தி வந்த அதே பக்கத்தில் போட்டார். கீழே நிருபரின் விளக்கமும் வந்தது. அவருக்கு எழுதிய பதிலில், சாதனைப் பட்டியலை ஏன் போடவில்லை என்றும் மரியாதையாகச் சொல்லியிருந்தார். அதன் பிறகு அந்த எம்.எல்.ஏ. எங்கள் நிருபரிடம் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தார். தன் பேச்சையும் இவர்கள் போடுவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது. இதை ஒரு பத்திரிகைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய சொத்தாக நான் நினைக்கிறேன்.

ஆசிரியர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

தஞ்சாவூர் மாவட்டம், பள்ளி ஆசிரியை

எங்கள் வீட்டில் விவசாயம்தான். ஜூன் பிறந்தால் மேட்டூர் செய்திக்காகத்தான் பேப்பரைப் பிரிப்போம். 12ஆம் தேதி அணை திறக்குமா, குறுவைக்கு நாற்று விடலாமா என்பதெல்லாம் அந்த நாலு வரியில் இருக்கிறது. ஒருநாள் நாங்கள் வாங்கும் பேப்பரில் 'மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 120 டி.எம்.சி.' என்று போட்டிருந்தார்கள். 120 என்பது அடிக்கணக்கு, நீர்மட்டத்தின் உயரம். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வெளியூர்க்காரருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கடைமடையில் இருப்பவர்களுக்கு, இருக்கிற தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட அந்த எண்தான் வேண்டும். அன்றைக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வதுபோல, அடி என்றால் என்ன, டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, வினாடிக்கு இத்தனை கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு குறையும் என்று அதிலேயே எழுதினேன்.

திருத்தம் வந்தது. சின்னதாக வந்திருந்தாலும் முதல் பக்கத்தில் வந்தது. அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஆசிரியரிடமிருந்தே இன்லேண்ட் லெட்டர் வந்தது. நன்றி சொல்லிவிட்டு, 'டெல்டா விவசாயிக்கு அணைச் செய்தியில் என்னென்ன விவரம் தேவை என்று எழுதி அனுப்ப முடியுமா?' என்று கேட்டிருந்தார். என் அப்பா, மாமா, பக்கத்து வயல்காரர் எல்லோரையும் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டேன். நீர்மட்டம், நீர் இருப்பு, வரத்து, வெளியேற்றம் நான்கும் தினமும் வேண்டும் என்றார்கள். கல்லணையில் எந்தெந்த ஆற்றில் எவ்வளவு பிரித்து விடுகிறார்கள் என்றும் தெரிய வேண்டும் என்றார்கள். வெண்ணாற்றுப் பாசனக்காரருக்குக் காவிரியின் கணக்கு மட்டும் போதாது, இல்லையா? அத்தனையும் எழுதி அனுப்பினேன்.

அந்தப் பேப்பரில் கொஞ்ச நாளிலேயே நான்கு எண்ணும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் வர ஆரம்பித்தன. என் பெயர் எங்கேயும் வரவில்லை, வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அப்பா மட்டும் அந்தக் கட்டத்தை டீக்கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

விருதுநகர் பக்கம், பகுதிநேர நிருபராக இருந்தவர்

வாசகர்கள் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் தன் நிருபருக்கு எழுதும் கடிதம் பற்றி நான் சொல்கிறேன்.

அப்போதெல்லாம் செய்தியைத் தாளில் எழுதி, கவரில் போட்டு, சாயங்காலப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் பையன் வாங்கிக்கொள்வான். அவசரம் என்றால்தான் போன், ஃபேக்ஸ். திரும்பி வரும் கவரில் சில நாள் ஆசிரியரின் குறிப்பு இருக்கும். 'இதை யார் சொன்னது?' 'இறந்தவரின் வயது இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருக்கிறது.' 'பரபரப்பு ஏற்பட்டது என்று எழுதாதீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.' கடைசிக் குறிப்பை எங்கள் வட்டார நிருபர்கள் எல்லோரும் வாங்கியிருக்கிறோம்.

1997 என் மனதை விட்டுப் போகாத வருடம். போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரரான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததையொட்டித் தென் மாவட்டங்களில் சாதி மோதல் வெடித்த நேரம். கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்கள் எல்லாவற்றையும் அரசு எடுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் வதந்தி பஸ்ஸைவிட வேகமாக ஓடியது. ஒரு ஊரில் இத்தனை வீடு எரிந்தது, இத்தனை பேர் வெட்டுப்பட்டார்கள் என்று ஊருக்கு வெளியே சாலையில் நின்றவர்கள் சொன்னதை வைத்து நான் செய்தி அனுப்பினேன். போலீஸ் அந்த எண்ணிக்கையை உறுதி செய்யவில்லை என்பதையும் எழுதியிருந்தேன். ஆசிரியர் அதை நிறுத்திவைத்துவிட்டு எனக்கு எழுதினார்: 'இரண்டு தரப்பாரின் தெருவுக்கும் போய் வந்த பிறகு எழுதுங்கள். ஒரு தெருவுக்குள் நுழைய முடியவில்லை என்றால் அதையே செய்தியாக எழுதுங்கள். உங்கள் உயிர் செய்தியைவிட முக்கியம், அதையும் மறக்காதீர்கள்.'

இரண்டு நாள் கழித்து ஒரு வாத்தியாரையும் ஒரு நர்ஸம்மாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு இரண்டு தெருவுக்கும் போனேன். இழப்பு இரண்டு பக்கமும் இருந்தது, ஒரே அளவில் இல்லை. அதை அப்படியே எழுதினேன். வெளியே சொன்ன எண்ணிக்கையில் பாதிகூட உண்மை இல்லை. அந்த எண்ணிக்கை அச்சில் ஏறியிருந்தால் பக்கத்து ஊரிலும் தீ வைத்திருப்பார்கள். அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. புதிதாக நிருபர் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்.

சென்னை, வழக்கறிஞர்

வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆசிரியருக்கு எழுதினீர்களா என்பதைத்தான். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். இந்தியப் பத்திரிகை மன்றத்தில் புகார் கொடுப்பதென்றாலும் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலையும், பதில் வந்திருந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாளிதழ், வார இதழ் செய்தி என்றால் வெளிவந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். மன்றத்துக்குச் சிறைத் தண்டனை கொடுக்கும் அதிகாரம் கிடையாது, கண்டிக்கத்தான் முடியும். ஆனாலும் என்னிடம் வந்ததில் பல விவகாரங்கள் ஆசிரியருக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே தீர்ந்திருக்கின்றன. ஒரு தாயும் மகளும் வந்தார்கள். விபத்துச் செய்தியில் மகளின் படத்துக்குப் பதில் வேறொரு பெண்ணின் படம் வந்துவிட்டது. அந்தப் பெண் வீட்டாரும் தவித்துப்போயிருந்தார்கள். கடிதம் போன மறுநாளே செய்தி ஆசிரியர் இரண்டு வீட்டுக்கும் நேரில் போய்ப் பேசினார், திருத்தமும் வந்தது. கேஸ் வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார்.

ஆசிரியர் வளைந்து கொடுக்கக்கூடாத நேரமும் உண்டு. 1987இல் ஆனந்த விகடன் அட்டைப்பட நகைச்சுவைக்காகத் தமிழக சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. மன்னிப்புக் கேட்க அவர் மறுத்துவிட்டார். எதிர்ப்பு வலுத்ததும் சில நாளில் விடுதலை ஆனார். பிறகு வழக்குப் போட்டு ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார். செய்தியில் தவறு இருந்தால் ஒரு கூலித் தொழிலாளியின் கார்டுக்கும் பணிய வேண்டும். தவறு இல்லை என்றால் சட்டமன்றமே சொன்னாலும் பணியக்கூடாது. நான் மதிக்கும் ஆசிரியர்கள் எல்லோரிடமும் இந்த இரண்டு குணமும் சேர்ந்தே இருந்தன.

கோவை, இதழியல் மாணவி

இதைப் படித்ததும் காந்தி ஞாபகம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் 1903இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழுக்கு ஆரம்பத்தில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. வாசகர்களிடமிருந்து வந்து குவிந்த கடிதங்களைப் படித்துப் பதில் எழுதியதே தனக்கு நல்ல கல்வியாக இருந்தது என்று சுயசரிதையில் சொல்கிறார். நட்பாகவும் கடுமையாகவும் வந்த அந்தக் கடிதங்களில் சமூகமே தன்னோடு வாய்விட்டு யோசித்ததாக எழுதுகிறார். நம் பாரதி இரண்டு பக்கமும் நின்றவர். 'இந்தியா' இதழை நடத்தினார், புதுச்சேரியில் இருந்துகொண்டு 'தி ஹிந்து' ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் கடிதமும் எழுதினார். அண்ணா தம்பிக்கும் கலைஞர் உடன்பிறப்புக்கும் எழுதியவை வேறு வகை, அங்கே ஆசிரியரே கடிதம் எழுதுகிறார். அந்தத் தம்பிகளும் உடன்பிறப்புகளும் திருப்பி எழுதிய கடிதங்களைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அவை எங்கே கிடைக்கும்?

மதுரை, ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்

தங்கச்சி கேட்டதற்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டடம் மாறியபோது பழைய கடித ஃபைல்கள் எடைக்குப் போயின. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, இடம் இல்லை என்றார்கள். ஆசிரியர் எழுதிய பதில்களுக்கு நகலும் எடுத்து வைக்கவில்லை. அதனால் அவர் கையெழுத்து இனி வாசகர்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும். தஞ்சாவூர் டீச்சருக்கு வந்த இன்லேண்ட், விருதுநகர் தம்பியின் குறிப்பு மாதிரி.

அப்புறம், மின்னஞ்சல் வந்த பிறகு கடிதம் குறைந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு எண்ணிக்கை குறையவே இல்லை, பதில்தான் குறைந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று இயந்திரம் ஒன்று உடனே அனுப்பிவிடுகிறது, அதோடு முடிந்தது என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். 'தி ஹிந்து' 2006இல் வாசகர்களுக்கென்றே தனி ஆசிரியர் ஒருவரை நியமித்தபோது, தமிழ் நாளிதழ்கள் எல்லாவற்றிலும் அப்படி ஒருவர் வருவார் என்று நான் ஆசைப்பட்டேன். இப்போதும் அந்த ஆசை இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் ஓர் ஆசிரியர் எழுதிய கார்டு கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முன்னும் பின்னும் படம் எடுத்து, எந்தச் செய்திக்கு எழுதியது, எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்த பழந்தமிழ் அச்சுச் செல்வத்தில் தொடங்கியது. அங்கே பாதுகாத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் இருக்கும் சில கார்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் நானும் போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.