ஆத்தாவின் உள்ளங்கால் எரிச்சல்: பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் இருக்கிறோம். ஆத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது. கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை 14 நாள், அப்புறம் 7 நாள் இடைவெளி. இரண்டாவது சுற்றிலேயே அதன் பக்கவிளைவாக உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, குதிகாலில் தோல் உரிகிறது. விடிந்ததும் வளவில் ஆத்தங்குடிக் கல் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டு, "இந்தச் சில்லுப்புக்கு மேல என்ன மருந்து" என்கிறார்.

நர்ஸ் சொன்னது: 10 சதவீத யூரியா கிரீம் தடவணும், வெந்நீரும் இறுக்கமான செருப்பும் கூடாது. கொப்புளமோ நடக்க முடியாத வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடணும். கிரீம் சரி, தடவிக்கொள்கிறார். வெந்நீருக்குத்தான் தினமும் சண்டை. கையை அழுத்தும் வேலையும் ஆகாதாம். நேற்றுகூட இடியாப்பம் பிழிந்திருக்கிறார், கேட்டால் சிரிக்கிறார்!

கேள்வி இதுதான். ராத்திரி கிரீம் தடவிப் பருத்திக் காலுறை போட்டால் இந்த வெக்கையில் பிடுங்கி எறிகிறார். வேறு என்ன வழி? எந்த மாதிரிச் செருப்பு ஒத்துக்கொண்டது? வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கையில் தடவிவந்தால் இது வராமல் தடுக்கலாம் என்று 2024இல் டெல்லி எய்ம்ஸ் ஆய்வு வந்ததே, யாருக்காவது உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தாரா? வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் அவரிடம் கேட்டுக்கொள்வேன்.