புதுப்பிப்பு: ஏலத்துக்கு வரும் ஓவியங்களை நேரில் பார்த்தபின்

அடுத்த மாதம் சென்னையில் ஏலத்துக்கு வரும் பழைய ஓவியங்களில் எனக்குப் பிடித்த மூன்றைப் போன வாரம் எழுதியிருந்தேன். தஞ்சாவூர் வெண்ணெய்க் கண்ணனுக்கு முதலிடம், கண்ணாடியின் பின்புறம் தீட்டிய பட்டாபிஷேகத்துக்கு அடுத்த இடம், காக்காப்பொன் (மைக்கா) என்னும் மெல்லிய கனிமத் தகட்டில் தீட்டிய திருச்சிராப்பள்ளிப் படங்களுக்குக் கடைசி இடம். எல்லாம் விலைப்பட்டியலின் புகைப்படங்களை நம்பிச் சொன்னது. நேற்று கும்பகோணத்திலிருந்து ரயிலேறிப் போய் நேரிலேயே பார்த்துவிட்டேன். வரிசை தலைகீழாகிவிட்டது.

காக்காப்பொன் படங்கள் உள்ளங்கை அகலம்தான். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் நம் ஊர் மக்களின் தொழிலையும் உடையையும் காட்டும் நினைவுப் பொருளாக வாங்கிப் போன வகை. ஒன்றில் ஒரு நெசவாளியும் மனைவியும். அவள் சேலைக் கரையை ஒற்றை மயிரளவுக் கோடாக இழுத்திருக்கிறார் ஓவியர். சற்றுச் சாய்ந்து பார்த்தால் சிவப்பு நிறம் தகட்டின்மேல் மிதக்கிறது. ஆனால் ஒரு மூலையில் தகடு ஏடு ஏடாகப் பிரியத் தொடங்கியிருக்கிறது. மனம் பதறியது. வாங்குபவர் அதைப் பத்திரமாகக் காக்க வேண்டும்.

கண்ணன் படத்தில் ஒட்டியிருக்கும் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், எனக்கு நெருடியது. பழைய ரேக்கு விளக்கொளிபோல் அடங்கி ஒளிரும், இது பளபளக்கிறது. சமீபத்தில் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். முகம் மட்டும் பழைய கையின் வேலை, அத்தனை சாந்தம். பட்டாபிஷேகம் அழகுதான், இரண்டாம் இடத்திலேயே இருக்கட்டும்.

வெளிநாட்டார் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒருவர் கேட்டிருந்தார். நூறாண்டு கடந்த ஓவியங்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் இடம் தரவில்லை. அந்த நெசவாளி தம்பதி இந்த மண்ணிலேயே இருப்பார்கள்.